இல்லாத வாகைக்கு ஒதுங்கிய சுவர்

இருபத்தெட்டுப் பேர்ச் நிலம்.
கிழக்கே கடல், மேற்கே வாவி,
நடுவில் பெரியகல்லாற்றின் ஒரு கைப்பிடி மணல்.
செவ்வாய்க்கிழமைகளில் கைக்குழந்தைகளோடு
தாய்மார் காத்திருக்க அதில் ஒரு கிளினிக்.

நான் வரையவில்லை.
இருநூறு கட்டடங்களைக் கண்ணைமூடி எறிந்துவிட்டு
தமக்குள் அடிபட்டுத் தேறட்டும் என்று
லெப்டொப்பை மின்விசிறிக்கு முன்னால் வைத்தேன்.

ஒவ்வொரு கட்டடமும் ஓர் எண்கோவை:
சுவர் எங்கே திரும்பும், சாளரம் எவ்வளவு திறக்கும்,
கூரை எத்தனை பாகை சரியும்.
இரண்டைச் சேர்த்துவைத்தால்
ஒன்றின் கூரையும் மற்றதன் முற்றமுமாக
மூன்றாவது பிறக்கும்.
நூற்றில் மூன்றுக்கு எங்கோ ஓர் எண் பிசகும்.
பள்ளிக்கூடத்தில் அதை விகாரம் என்று படித்தோம்.
விகாரப்பட்டவை பெரும்பாலும் விடியமுன் செத்தன.

தகுதியை நான்தான் எழுதினேன்.
கச்சான் வீசும் பகலில் உள்ளே வேகக்கூடாது,
மாரி வெள்ளம் படி ஏறக்கூடாது,
சீமெந்துக் கணக்கு மிஞ்சக்கூடாது.
நாற்பதாம் தலைமுறையில்
எல்லாவற்றையும் வென்ற ஒன்று வந்தது.
குளிர்ந்தது, மலிந்தது, வெள்ளம் தொடாதது.
அதற்குக் கதவே இல்லை.

கதவு வேண்டுமென்று நான் கேட்கவில்லை.

மேற்பார்வைக்கு மருதமுனையிலிருந்து வருகிற
பஸ்லூன் சிரித்தான்.
“கேட்டதத்தானே தந்திருக்கு, மெடம்.”
பிறகு திரையில் அந்தச் சொல்மேல் விரலை வைத்தான்.
“மிஞ்சினதெல்லாம் தகுதியானதா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை
சீனி வாங்கிவர அவனைப் பெரிய ரோட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.
ஆறு பேர் இருந்த வீட்டுக்கு
ஒரு றாத்தல் சீனியோடு அவன் மட்டும் மிச்சம்.
“நான் என்னத்துல தகுதி?”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
சொல்லை அழித்துப் புள்ளி என்று எழுதினேன்.
அல்காரிதத்துக்கு எந்தப் பெயரும் ஒன்றுதான்.

கதவை எழுதினேன்.
சக்கர நாற்காலி திரும்பும் அகலத்தை எழுதினேன்.
ஊசி போடும் அறையின் அழுகை வெளியே கேட்கக்கூடாது,
ஒன்று அழுதால் முப்பதும் அழும் என்றாள்
குடும்பநல உத்தியோகத்தர் சுகிர்தமலர்.
அதையும் எண்ணாக்கினேன்.
இரண்டு தரம் கரண்ட் போனது.
வந்ததும் விட்ட இடத்திலிருந்து பெற்றுக்கொண்டே போனது,
இருட்டில் தொலைந்தவை பற்றி ஒன்றும் கேளாமல்.

முன்னூற்றுப் பன்னிரண்டாவதில் அது.
மேற்குச் சுவர் நேராக ஓடி,
பாதியில் தயங்கி,
முழங்கைபோல உள்ளே மடிந்து,
மறுபடி நேராகிறது.
ஏனென்று விளங்கவில்லை. புள்ளி மட்டும் உச்சத்தில்.

வெப்பமானிகள் தந்த பட்டியலைத் திரும்ப விரித்தேன்.
பிற்பகல் மூன்று மணிக்கு
அந்த மூலையில் மட்டும் இரண்டு பாகை குறைவு.
வேலியோரத்து வாகை!
மரத்தைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை.
மரமென்று ஒன்று உண்டென்றே அறியாமல்
நிழலுக்கு ஒரு வாங்கின் அளவு
வழிவிட்டு ஒதுங்கியிருந்தது சுவர்.

அத்திவாரம் வெட்டி முடிந்த கிழமை
மின்கம்பி இழுக்க வந்தவர்கள் வாகையைத் தறித்தார்கள்.

“நேராக்குவமா மெடம்? கல்லு மிச்சம் புடிக்கலாம்.”
நூல்கயிற்றை இறுக்கியபடி பஸ்லூன்.
வெட்டிய குழியை நானும் பார்த்தேன், அவனும் பார்த்தான்.
தகுதியால் அல்ல,
குழி ஏற்கெனவே இருந்ததால்
தப்பியது அந்த வளைவு.

இப்போது மூன்று மணிக்கு
நிழலுக்கென்று விட்ட இடத்தில்
வெயில் வந்து சரியாக உட்காருகிறது.
வாங்கை உள்ளே எடுத்துவிட்டார்கள்.
ஈரத் துவாய்களை அங்கேதான் விரிக்கிறாள் சுகிர்தமலர்.
சுவர் காற்றைத் தடுப்பதால் ஒன்றும் பறக்காதாம்,
அரை மணியில் காய்ந்துவிடுமாம்.

இதற்கு நான் புள்ளி எழுதியிருக்கவில்லை.